கொதி இறங்கக் கூடாது

ஹாலிஃபாக்ஸ்
10 ஜனவரி 1974, வியாழன்

மேவிஸ்,

உன் அக்கா ஐவிக்கு மணிக்கட்டு முறிந்து இரண்டு மாதமாகிறது. குதிரைக்குக் கால் முறிந்திருந்தால்கூட இதற்குள் ஒரு முடிவு தெரிந்திருக்கும். நீ அக்காவைப் பார்த்துக்கொள்ளத்தான் கடற்கரை ஊருக்குப் போயிருக்கிறாய் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். நீ போன அன்று உன் பெட்டியை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை. நீ தனியாகத் தூக்கக்கூடிய பெட்டி இல்லை அது.

இங்கே வேலை பாதியாகிவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமாம், ஆலைகளெல்லாம் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடலாமாம். எங்கள் கம்பள ஆலைக்குத் திங்கள் முதல் புதன். மற்ற நாளெல்லாம் வீட்டில் சும்மா. சம்பளமும் பாதி. ஆனால் ஒரு நல்லது: முன்பு மாதம் ஒருமுறை காய்ச்சின பீரை இப்போது வியாழனும் ஞாயிறும் காய்ச்சுகிறேன். மார்ச்சில் கிளப்பில் பீர்ப் போட்டி. இந்த வருடமும் பெர்சி ஹோல்ராய்ட் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உனக்கு ஒரு செய்தி. கொதி விஷயம் தீர்ந்துவிட்டது. நம் சமையலறை அடுப்பில் ஐந்து கேலன் பார்லி மால்ட் சாற்றை ஒரு மணி நேரம் ஒரே சீராகக் கொதிக்க வைக்க முடியாது என்று எத்தனை பேர் சொன்னார்கள்! கொதி தளர்ந்தால் வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை பீரிலேயே தங்கிவிடும், கலங்கலும் போகாது. கொதி மிஞ்சினால், கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்ட நொடியில் நுரை பொங்கி அடுப்பெல்லாம் பிசுக்கு. சாறு துள்ளக் கூடாது, புரள வேண்டும். அதற்குத்தான் இத்தனை வருடம் பாடுபட்டேன். இப்போது பெரிய பாத்திரத்தை இரண்டு பர்னருக்கும் குறுக்காக வைத்துவிட்டேன். சூடு பக்கவாட்டில் ஓடிப்போகாமல் பாத்திரத்தைச் சுற்றி, அடுப்பின் மேல்தட்டு வரைக்கும், தகரத் தகடு வளைத்துக் கட்டியிருக்கிறேன். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாயிற்று. சுவரின் அடியில் இருக்கிற காற்றுத் துளையில் பழைய கம்பளித் துணியை அடைத்தாயிற்று. ஒரு சொட்டுக் குளிர்காற்று உள்ளே வராது. இன்று காய்ச்சினேன். தளதளவென்று ஒரு மணி நேரம், ஒரு கணம்கூட இறங்கவில்லை.

ஜன்னலைத் திறக்க ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாகக் கொதிக்கிறது என்று நீயும் தெரிந்துகொள்.

நீ வைத்துவிட்டுப் போன குடித்தனக்காரன் ஓஸ்டாப் மாடி அறையில்தான் இருக்கிறான். வாடகை சரியாகக் கொடுக்கிறான். பீரைத் தொடுவதில்லை. பீர் குடிக்காத ஆம்பளையை நான் முழுசாக நம்பினதில்லை.

வில்ஃப்

~

பிரிட்லிங்டன்
14 ஜனவரி 1974

வில்ஃப்,

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது பால்கார அம்மாளின் மகன். பதினாறு வயது. தள்ளுவண்டியில் வைத்து உருட்டினான். உனக்குத் திருப்திதானா?

ஐவியின் கை தேறிவருகிறது. ஆனால் அவள் நடத்துகிற லாட்ஜில் படுக்கை விரிக்கவும் படிக்கட்டு துடைக்கவும் இன்னும் ஆள் வேண்டும். குளிர்காலத்திலும் இங்கே வந்து கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கிழங்கள் இருக்கிறார்கள். இங்கே நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்கிறார்கள். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கிறது.

நான் அக்காவுக்காகத்தான் வந்தேன் என்று நீ தெருவுக்குச் சொல்லிக்கொள்ளலாம். எனக்குச் சொல்லாதே. நவம்பரில் கிளப்பில் அத்தனை பேர் முன்னால் நீ கேட்டதை நான் இங்கே அப்படியே எழுதுகிறேன், மறந்திருந்தால் படித்துக்கொள்: "ஒவ்வொரு தடவையும் கொதி ஏறுற நேரம் பாத்து ஜன்னலத் தொறக்குறியே மேவிஸ், அதுக்குப் பெர்சி உனக்கு என்ன குடுத்தான்? கையில குடுத்தானா, வேற எங்கயாவது வச்சுக் குடுத்தானா?" பெர்சி தன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் மனைவியும் பார்த்தாள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

சுவரில் தண்ணீர் வழிந்தது, எனக்கு மூச்சு முட்டியது, ஜன்னலைத் திறந்தேன். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் வரிகள் எல்லாம் வலதுபக்கம் சரிந்து இறங்குகின்றன. ஹாப்ஸ் என்ற சொல்லையே தப்பாக எழுதியிருக்கிறாய். காய்ச்சுகிறாயா, குடிக்கிறாயா? வாரம் இரண்டு பாத்திரம் என்றால் அதையெல்லாம் யார் குடிக்கிறார்கள்? யாராவது வந்து போகிறார்களா?

மேவிஸ்

~

ஹாலிஃபாக்ஸ்
20 ஜனவரி, ஞாயிறு

மேவிஸ்,

வீட்டுக்கு யாரும் வருவதில்லை. இப்படிக் கேட்பாய் என்று தெரியும். காய்ச்சும்போது ஒரே ஒரு கிளாஸ் குடிப்பேன், அது உனக்கும் தெரியும்.

எனக்கு உடம்பு சரியில்லை. புருவத்துக்கு மேல் யாரோ கயிறு கட்டி முறுக்குகிற மாதிரி வலி. வயிறு புரட்டுகிறது. போன வியாழன் ஹாப்ஸ் போட்டேனா இல்லையா என்று மறந்து, இரண்டாம் தடவையும் போட்டுவிட்டேன். அந்தப் பீப்பாய் வேம்புக் கஷாயம் மாதிரி இருக்கிறது. ஆறு மணிக்குக் கிளப்புக்குக் கிளம்பினால் தெருக்கோடி வருவதற்குள் வலி பாதி குறைந்துவிடுகிறது. கிளப்பில் அவர்கள் பீரை எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆவதில்லை. நீயே யோசித்துப் பார். கடைப் பீர் ஒன்றும் செய்யவில்லை. என் வீட்டில் என் பீர் ஒரு கிளாஸ் குடித்தால் தலை சுற்றுகிறது. அப்படியென்றால் என் பீரில் எவனோ எதையோ கலக்கிறான்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

இன்னொன்றும் கேள். நான் காய்ச்சுகிற நாளில் ஓஸ்டாப் வீட்டில் இருப்பதே இல்லை. வியாழன் அவனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஞாயிறு அவர்கள் நாட்டு ஆட்களின் கோயில், அப்புறம் அவர்கள் சங்கத்தில் சாப்பாடு. சாயங்காலம் நான் நாற்காலியில் துவண்டு கிடக்கும்போது திராட்சை மாதிரி பளபளவென்று வந்து நிற்கிறான். இன்று வந்ததும் என்ன செய்தான் தெரியுமா? கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறை ஜன்னலுக்குப் போய் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தான்.

"என்னடா பண்ற?" என்றேன்.

"காத்து வேணும், மிஸ்டர் பாரக்ளஃப். உங்க மூஞ்சி நல்லால்ல."

"என் மூஞ்சிய நான் பாத்துக்குறேன். என் ஜன்னல்ல கை வைக்காத."

"மிசஸ் பாரக்ளஃப் இருந்தா தொறந்திருப்பாங்க" என்றான்.

அவனுக்கு எப்படித் தெரியும்? நீ இருக்கும்போது காய்ச்சின நாளிலும் அவன் வெளியேதானே இருந்தான்? நீ அவனிடம் ஏதாவது சொல்லிவைத்திருக்கிறாயா? இதற்கு நேராகப் பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

வில்ஃப்

~

பிரிட்லிங்டன்
24 ஜனவரி

வில்ஃப்,

உன் கடிதத்தை ஐவியிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஓஸ்டாப்பை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "எங்கேருந்து வந்தான், யாரு பெத்தா, ஒண்ணும் தெரியாம மாடியில வச்சிருக்கியே" என்று அவள் அப்போதே சொன்னாள். நான்தான் அவன் பாத்திரத்தைக் கழுவி வைக்கிற விதத்தைப் பார்த்து நல்லவன் என்று முடிவுகட்டினேன். பாத்திரம் கழுவுவதைப் பார்த்து மனிதனை எடைபோடலாமா என்று இப்போது எனக்கே தெரியவில்லை. உலகப் போருக்கு அப்புறம் ஜெர்மனியில் ஒரு முகாமில் இருந்தேன் என்றான். எதற்காக இருந்தான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

நேற்று முழுக்க இதுவே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு உன் வீடு எதற்கு? உன்னை ஏன் படுக்க வைக்க வேண்டும்? ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் கிடைக்காததே பயமாக இருக்கிறது.

நான் சொல்வதைச் செய். பீப்பாய் அறைக்குப் பூட்டுப் போடு, சாவியை உன்னிடமே வைத்துக்கொள். ஒரு வாரம் உன் பீரில் ஒரு சொட்டும் தொடாதே. டாக்டரிடம் போ. போகமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்புறம் எனக்கு எழுது. உடனே எழுது.

மேவிஸ்

~

ஹாலிஃபாக்ஸ்
3 பிப்ரவரி, ஞாயிறு

மேவிஸ்

நான் கேட்ட கேள்விக்கு நீ பதிலே எழுதவில்லை. பார்த்தேன். பார்க்காமலில்லை.

பூட்டுப் போட்டேன். பத்து நாளாக என் பீரைத் தொடவில்லை. ஆனாலும் இந்த வியாழனும் வந்தது, இன்றும் வந்தது. இன்று வாந்தியும் எடுத்தேன். அப்போதுதான் புரிந்தது, அவன் பீரை விட்டுவிட்டு டீயில் இறங்கிவிட்டான். சர்க்கரை டப்பாவை அப்படியே குப்பையில் கொட்டினேன். டீத்தூளையும். அப்புறம் மாடிக்குப் போய் அவன் கோட்டைத் துழாவினேன். உள்பையில் காகிதப் பொட்டலம், வெள்ளைத் தூள்! கையும் களவுமாக என்பார்களே, அது.

அவன் வந்ததும் மேஜைமேல் போட்டேன்.

"இது என்ன?"

"தலைவலித் தூள். கடையில வாங்கினது."

"யாருக்குக் குடுக்க?"

"எனக்குத்தான். இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்தா எனக்குத் தலை வலிக்குது, மிஸ்டர் பாரக்ளஃப். ஞாயித்துக்கிழமை ராத்திரி ரொம்ப. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

"என் வீடு உனக்குத் தலைவலியா? அப்ப எதுக்குடா இங்க கெடக்குற? யாரு உன்ன இங்க இருக்கச் சொன்னது?"

அவன் பொட்டலத்தை மேஜையிலேயே விட்டுவிட்டான். அப்புறம் மேலே போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்று, "கதவயாவது தொறந்து வையுங்க" என்றான். நான் அவன் முகத்துக்கு நேரே சாத்தினேன். பொட்டலத்தை அடுப்பில் போட்டேன், எரியவில்லை, தகடு சுட்டது. என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. ஆம். நிம்மதி. அவன் போய்விட்டான்.

வருகிற வியாழன் போட்டிக்கான பீர். இதுதான் பெரிய காய்ச்சல். இரண்டு மணி நேரக் கொதி கொடுக்கப் போகிறேன். ஒரே ஒரு தொந்தரவு, தீ முன்போல் இல்லை. நீலம் போய் மஞ்சளாக நாக்கை நீட்டுகிறது, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. சூடு போதவில்லையென்று தகட்டை இன்னும் நெருக்கிக் கட்டப் போகிறேன். கூடத்துக்குப் போகிற கதவின் அடியிலும் துணி வைக்க வேண்டும். இனி தொந்தரவு செய்ய வீட்டில் ஒருத்தரும் இல்லை.

வில்ஃப்

~

பிரிட்லிங்டன்
6 பிப்ரவரி, புதன்

வில்ஃப்,

இதைக் காய்ச்ச ஆரம்பிப்பதற்கு முன் படி. ஏற்கனவே அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அணைத்துவிட்டுப் படி. வெளியே போய் நின்று படி.

உன் கடிதம் சாப்பாட்டு வேளையில் வந்தது. முதல் தடவை படித்தபோது உன்னை மாதிரியேதான் நினைத்தேன். தூள், கோட்டுப் பை, இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஐவிகூட, "நான் சொன்னேன்ல?" என்றாள். அப்புறம் கிழவர்களுக்குச் சூப் ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. ஓஸ்டாப்புக்கும் தலை வலிக்கிறது. உன் பீரை அவன் வாழ்நாளில் தொட்டதில்லை. நீயும் பத்து நாளாகத் தொடவில்லை. குடிக்காத இரண்டு பேருக்கு எப்படிப் பீரால் தலை வலிக்கும்? டீயென்று சொல்கிறாய். தன் டீயில் தானே விஷம் போட்டுக்கொள்கிறவன் யார்?

உன் பழைய கடிதங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ குடித்த நாளைப் பார்க்காதே, வில்ஃப். காய்ச்சின நாளைப் பார். வியாழன், ஞாயிறு. வியாழன், ஞாயிறு. வேலைக்குப் போகிற நாளில் உனக்கு ஒன்றும் இல்லை. தெருக்கோடிக்குப் போனால் வலி குறைகிறது. ஓஸ்டாப் வீட்டுக்கு வந்தால் வலி வருகிறது. கலப்பது ஆள் இல்லை. அடுப்புதான். மஞ்சள் தீ என்று எழுதியிருக்கிறாயே, தகட்டை இறுக்கி, துளையை அடைத்து, ஜன்னலை ஒட்டி, எரிகிற அடுப்புக்கே மூச்சில்லாமல் செய்திருக்கிறாய். மூச்சில்லாத தீ கக்குகிற நச்சுப் புகைக்கு வாடையும் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. போன குளிர்காலத்தில் இந்தத் தெருவில் ஒரு லாட்ஜில் குளியலறை கீசரால் ஒரு தம்பதி அப்படித்தான் போனார்கள். மஞ்சளாக எரிந்ததாம், யாரும் கவனிக்கவில்லையாம்.

இனி அந்தப் பாத்திரத்தை வைக்காதே. உன் போட்டி எக்கேடாவது கெட்டுப் போகட்டும்.

கடைசித் தபால் எடுத்தாயிற்று என்று ஐவி சொல்கிறாள். இது வெள்ளிக்கிழமைதான் உன் கையில் கிடைக்கும். நீ வியாழனே காய்ச்சுவாய். நம் தெருவில் டெலிபோன் இருக்கிற ஒரே கடையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை. காலையிலும் முயற்சி செய்வேன். இல்லையென்றால் வேறு ஒரு நம்பர் என்னிடம் இருக்கிறது. அதற்காக நீ என்ன நினைத்தாலும் சரி.

மேவிஸ்

~

மருத்துவமனை, ஹாலிஃபாக்ஸ்
12 பிப்ரவரி, செவ்வாய்

அன்புள்ள மேவிஸ்,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், கிறுக்கலை மன்னித்துக்கொள். வெள்ளிக்கிழமை நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்றும், நான் கண்விழித்துப் பேசுகிற நேரத்துக்குள் கிளம்பிவிட்டாய் என்றும் நர்ஸ் சொன்னாள். ஒரு பை ஆரஞ்சு இருந்தது. உன்னுடையதுதான் என்று முடிச்சைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வியாழன் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான்: ஹாப்ஸ் போட்டேன், நுரை எழும்பியது, கரண்டியால் அடித்து அடக்கினேன், கொதி அழகாகப் புரண்டது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நாற்காலியை இழுத்தேன். அவ்வளவுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. ஓஸ்டாப் செய்தி கேட்டுச் சாயப்பட்டறையிலிருந்து ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். பதில் இல்லை. பின்புறம் போய்க் குப்பைத்தொட்டி மூடியால் ஜன்னலை உடைத்து உள்ளே குதித்து, அடுப்பை அணைத்து, என்னைக் காலரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்திருக்கிறான். பனியில் கிடத்தி, கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தானாம். எதிர்வீட்டு அம்மாள் முதலில் அவன் என்னைக் கொல்கிறான் என்று கத்தினாளாம். போலீஸ் வந்தபோதுகூட அவன் கையைத்தான் முதலில் பிடித்தார்களாம். பாத்திரத்தில் இருந்தது வற்றித் தாராகிவிட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் என்றால் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். இது வாரக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டிருந்தால் புத்தி கலங்கும், மறதி வரும், பொல்லாத சந்தேகமெல்லாம் வரும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு மலை இறங்கின மாதிரி இருந்தது, மேவிஸ். எல்லாம் அந்தப் புகை செய்தது. நான் அப்படிப்பட்டவன் இல்லை. என் தலைக்குள் அது பேசியிருக்கிறது. ஓஸ்டாப்பிடம் அப்படிச் சொல்வேன். உன்னிடமும் அப்படித்தான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்துவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ டெலிபோன் பண்ணினது அவர்கள் சங்கத்துக்கு என்று போலீஸ்காரர் சொன்னார். அந்த நம்பர் உன்னிடம் எப்படி வந்தது?

உன்
வில்ஃப்

~

பிரிட்லிங்டன்
17 பிப்ரவரி

வில்ஃப்,

நீ பிழைத்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பதை எழுத வராது. கட்டிலில் உன் முகம் ரோஜா நிறத்தில் இருந்தது, நல்ல ஆரோக்கியம் மாதிரி. அதுவும் அந்தப் புகையின் வேலைதான் என்றாள் நர்ஸ். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல்தான் கிளம்பினேன்.

நம்பரைப் பற்றி. நான் கிளம்பிய அன்று ஓஸ்டாப்பிடம் சொன்னேன்: "அவரு காய்ச்சுற நாள்ல வந்ததும் ஜன்னலத் தொறந்து விடு. திட்டுவாரு, கண்டுக்காத. ஏதாச்சும்னா எனக்குச் சொல்லு." அவன் சங்கத்தின் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். அவ்வளவுதான். ஜனவரியில் நீ கேட்டபோது இதை எழுதியிருக்க வேண்டும். எழுதினால், நானும் அவனும் சேர்ந்து உனக்கு எதிராக ஏதோ செய்கிறோம் என்பாய் என்று விழுங்கிவிட்டேன். அந்த வாரமே நானும் அவனைச் சந்தேகப்பட்டேன். நான் கேட்டுக்கொண்டதைத்தான் அவன் செய்தான் என்று தெரிந்தும் சந்தேகப்பட்டேன். பூட்டுப் போடு என்று எழுதினது நான்தான். அவனை வெளியே தள்ளினதில் என் கையும் இருக்கிறது.

இனி உன் விஷயம். எல்லாம் புகை செய்தது என்று எழுதியிருக்கிறாய். டேப் ஒட்டினது எப்போது? நான் போன பிறகு. துளையை அடைத்தது? நான் போன பிறகு. தகடு? அதுவும். நவம்பரில் நம் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது, வில்ஃப். நான்தான் திறந்தேன், அதற்காகத்தானே சண்டை. அப்போது உன் தலைக்குள் போனது நல்ல காற்று. அந்த நல்ல காற்றோடுதான் நீ கிளப்பில் எழுந்து நின்று என்னைப் பற்றி அப்படிக் கேட்டாய். ஓஸ்டாப்பை நீ விரட்டினதைப் புகையின் கணக்கில் எழுதிக்கொள், ஒத்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டதை எழுதாதே.

அதனால் வரவில்லை. எப்போது என்றும் சொல்ல மாட்டேன்.

இங்கே நாட்கள் பரவாயில்லை. மிஸ்டர் ஆர்மிடேஜ் என்று ஒருவர் கிறிஸ்துமஸுக்கு வந்தவர், இன்னும் இருக்கிறார். காற்று இல்லாத நாளில் இரண்டு பேரும் துறைமுகம் வரை போய்வருகிறோம். நன்றாகப் பேசுவார்.

மேவிஸ்

~

ஹாலிஃபாக்ஸ்
26 மார்ச், செவ்வாய்

அன்புள்ள மேவிஸ்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

ஆலை முழு வாரமும் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி நானே போட்டேன். தகடு பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. அடுப்பைப் பார்க்க ஆள் வந்து, பர்னரில் இருந்த கரியைச் சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போனார். பெரிய பாத்திரத்தையும் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு சின்னப் பாத்திரம், ஒன்று ஒரு பர்னரில், அது இறங்கினதும் மற்றது. பாத்திரத்தின் அடி பர்னரைத் தாண்டி ரொம்ப நீட்டிக்கொண்டிருக்கக் கூடாதாம். தீ முழுக்க நீலம். ஜன்னல் அகலத் திறந்திருக்கும், கொதி கொஞ்சம் அடக்கமாகத்தான் இருக்கும். காற்று அடிக்கும்போது இறங்கும், தீயைக் கூட்டுவேன், திரும்ப ஏறும். நாள் முழுக்க இப்படியே போகிறது. மூடியைப் பாதி மூடலாம் என்று தோன்றும், மூடினால் முட்டைக்கோஸ். அப்படியே விட்டுவிடுகிறேன்.

ஓஸ்டாப்பைப் பார்க்கப் போனேன். சங்கத்துக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்கிறான். உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நின்று பேசினான்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, மிஸ்டர் பாரக்ளஃப்."

"அப்ப திரும்பி வா. வாடகையே வேணாம்."

"வரமாட்டேன்."

"எல்லாம் அந்தப் புகைனால..."

"தெரியும். டாக்டர் என்கிட்டயும் சொன்னாரு. ஆனா முகாம்ல ரெண்டு வருசம் என் பைய ஒருத்தன் தினம் துழாவினான். அது போதும் எனக்கு. நீங்க நல்லாருங்க."

கை கொடுத்தான். கதவைச் சாத்திக்கொண்டான். நான் கொண்டுபோன பன்றி இறைச்சியை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக்கொண்டானா என்று தெரியாது. போய்ப் பார்க்கவில்லை.

போட்டி சனிக்கிழமை முடிந்தது. பெர்சிக்குத்தான் கோப்பை. என் பீர் எந்த இடத்திலும் இல்லை. "லேசான கலங்கல், நேர்மையான பீர்" என்று நடுவர் சீட்டில் எழுதியிருந்தார். பரிசு கொடுத்து முடிந்ததும் நான் எழுந்து, நவம்பரில் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் முன்னால், மேவிஸைப் பற்றி நான் கேட்டது பொய், அவளுக்கு மூச்சு முட்டியது, ஜன்னலைத் திறந்தாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். புகையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பெர்சியின் மனைவி சொன்னாள்: "அத நாங்க அப்பவே நம்பலயே. நம்பினது நீங்க ஒருத்தர்தான். ஒக்காருங்க வில்ஃப்." உட்கார்ந்தேன்.

ஐவியின் கை முழுக்கச் சரியாகிவிட்டதா? கடலில் இப்போது குளிர் குறைந்திருக்கும்.

உன்
வில்ஃப்

~

பிரிட்லிங்டன்
2 ஏப்ரல் 1974

அன்புள்ள வில்ஃப்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மிஸ்டர் ஆர்மிடேஜ் பெயர் எங்காவது வருகிறதா என்று தேடினேன். வரவில்லை. கடைசியில், ஐவியின் கையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் தடவியும் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. நன்றாக அடித்திருக்கிறாய்.

அவருக்கு எண்பத்து மூன்று வயது. சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போகிறேன். வழியெல்லாம் செத்துப்போன மனைவியைப் பற்றிப் பேசுகிறார். அதை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க நினைத்தேன். அது நல்ல வேலை இல்லை என்று உன் அடித்த வரியைத் தடவிக்கொண்டு நின்றபோது எனக்கே தெரிந்தது. இவ்வளவு நாள் உன்னோடு வாழ்ந்ததில் எனக்கும் இது தொற்றிவிட்டதோ, இல்லை முதலிலிருந்தே இருந்ததோ, தெரியவில்லை.

பெர்சியின் மனைவி எனக்கு எழுதியிருந்தாள். நீ கிளப்பில் பேசியது உண்மைதானா என்று நானாக விசாரிக்கவில்லை. அவளாகத்தான் எழுதினாள். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வருகிற சனிக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வா, பெட்டி கனமாக இல்லை, ஆனாலும் வா. ஒரு வாரம் இருப்பேன். ஞாயிறன்று காய்ச்சு. நான் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறேன். கொதி இறங்கினால் இறங்கட்டும்.

ஐவியின் கை நன்றாகவே இருக்கிறது. பிப்ரவரியிலேயே சரியாகிவிட்டது.

திரும்பி வருவதற்கான டிக்கெட்டும் சேர்த்தே வாங்கியிருக்கிறேன். என் பையில் இருக்கும். தேடாதே.

மேவிஸ்